நடுச்சாமத்து டேட்டாவும் நித்திரை இல்லாத பிள்ளையும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், மட்டக்களப்பில் 26 வருடம் கற்பித்து, மாணவர் ஆலோசனையும் பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியை.

கேள்வி: அன்புள்ள டீச்சர், எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்குப் பதினாறு வயது, இந்த முறை ஓ.எல். சோதனை எடுக்கவேணும். பிள்ளைகளின் தகப்பன் கட்டாரில் ட்ரைவராக இருக்கிறார், ஆறு வருடமாகிறது. 2020இல் கொரோனாவுக்குப் பள்ளி பூட்டினபோது மகன் ஆறாம் ஆண்டு. சூம் வகுப்புக்கென்று என் தோட்டை அடகு வைத்துத்தான் போன் வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஏழெட்டு மாதமாக விடியச்சாமம் மூன்று மணி வரை போர்வைக்குள் வெளிச்சம். நாலு பேர் சேர்ந்து சுடுகிற கேமாம். காலையில் எழும்புகிறான் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் பள்ளிக்குப் போனால் பெரிது. வொலிபோல் நன்றாக விளையாடுவான், அதையும் விட்டுவிட்டான். சோற்றைக் கோப்பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். அலுமாரியில் வைத்திருந்த சீட்டுக்காசில் ஐயாயிரம் எடுத்துக் கேமுக்குக் கட்டியிருக்கிறான். தங்கச்சி போனை ஒளித்துவைத்தாள் என்று கதவை உதைத்து உடைத்தான். படுவான்கரையில் வயல் செய்கிற என் அண்ணன் வந்து பெல்ற்றால் அடித்தார். அன்றிலிருந்து ஒருத்தரோடும் கதையில்லை. ஆரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமி சொல்லி, பார்வை பார்த்து நூலும் கட்டியாச்சு. போனை உடைத்துப் போடவா? ஓ.எல். முடிந்ததும் தகப்பனிடமே அனுப்பிவிடவா? நானும் இரவில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நித்திரையில்லாமல் கிடக்கிறேன்.
— ஒரு தாய், களுவாஞ்சிகுடிப் பக்கம்

பதில்: தங்கச்சி, போனை உடைக்கவேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் உடைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இதை முதல் வரியாக எழுதுகிறேன்.

நான் பள்ளியில் இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு தாய் என்னிடம் வந்தா. "பூட்டி வைங்க, ரெண்டு நாள்ல சரியாகும்" என்று சொல்லி அனுப்பினேன். அன்றிரவே அந்தப் பிள்ளை வீட்டை விட்டு இறங்கிவிட்டான். கல்லடிப் பாலத்தடியில் இருந்து கடற்கரை வரைக்கும் டோர்ச் அடித்துத் தேடினோம். விடிய ஐந்து மணிக்கு, கரையில் ஏற்றியிருந்த தோணி ஒன்றின் பின்னால் சுருண்டு கிடந்தவனை மீன்பிடிக்கப் போனவர்கள்தான் கண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவில் அந்தத் தாயின் முகத்தை நான் பார்த்தேன். நாலைந்து நாள் கழித்து அவனோடு இருந்து கதைத்தபோது சொன்னான்: "போன் இல்லண்டு போகல டீச்சர். மற்ற மூணு பேரும் என்னைத் தேடுவாங்க. சொல்லாம விட்டுட்டுப் போயிட்டான் எண்டு நினைப்பாங்க. அதான் ஒண்ணாமப் போச்சு."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் இந்த விடயத்தை நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். நாம் பறிப்பது ஒரு பெட்டியை என்று நினைக்கிறோம். அவனுக்கு அது மூன்று கூட்டாளிகள்.

உங்கள் மகனுக்கு வந்திருப்பது செய்வினை இல்லை, தங்கச்சி. கட்டின நூலை அறுக்கச் சொல்லமாட்டேன். மாமிக்கு அது ஆறுதல் என்றால் கையில் கிடக்கட்டும். நீங்கள் பிழையாக வளர்த்ததாலும் இது வரவில்லை. தோட்டை அடகு வைத்து வகுப்புக்குப் போன் வாங்கிய தாயை யார் குறை சொல்வது?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரியில் இருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. அங்கே எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறான் என்று கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று காரியம் பார்க்கிறார்கள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது அவன் பிடியில் இல்லாமல் போவது. சாப்பாடு, பள்ளி, பழைய விருப்பங்கள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கேம் முன்னுக்கு வருவது. கெடுதல் நடப்பது தெரிந்தும் விடமுடியாமல் தொடர்வது. இது பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது இருக்கவேண்டும், கடுமையாக இருந்தால் அதற்கு முன்னமே தீர்மானிக்கலாம் என்கிறார்கள். நீங்கள் எழுதியதில் மூன்றும் தெரிகிறது, காலம் ஏழெட்டு மாதம். இது நோயா இல்லையா என்று சொல்லவேண்டியவர் வைத்தியர், நான் இல்லை. ஆனால் காத்திருந்து பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

வாவியில் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பவரைப் பாருங்கள். போடுகிற ஒவ்வொரு தடவையும் மீன் பட்டால் அரை மணியில் கறிக்கு ஆனதும் எழும்பிப் போய்விடுவார். எப்போது படும் என்று தெரியாததால்தான் வெயில் ஏறினாலும் இருக்கிறார். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார்: தானியம் எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. கேமில் கிடைக்கிற பரிசுப் பெட்டிகளுக்கும், விரலால் தள்ளத் தள்ள வருகிற வீடியோக்களுக்கும் இதே கணக்குத்தான். பெரியவர்களையும் பிடிக்கும். பதினாறு வயதில் ஆசையின் வேகம் முழுதாக வந்திருக்கும், அதை இழுத்துப் பிடிக்கிற மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டித்தான் முற்றும். ஆகவே "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று அவனிடம் சொல்லவேண்டாம். அதை அவனே தனக்குள் ஆயிரம் தரம் சொல்லியிருப்பான்.

இனி ஒரு சின்னக் கேள்வி. அவன் போட்டிருக்கிற டேட்டா பக்கேஜ் எது? நம் ஊரில் விற்கிற பல பக்கேஜ்களில் எந்நேரமும் பாவிக்கிற டேட்டா கொஞ்சம், நடுச்சாமம் பன்னிரண்டுக்குப் பிறகு விடிய வரை பாவிக்கிற டேட்டா நிறைய. காசில்லாத பிள்ளை எதைப் பாவிப்பான்? இரவு டேட்டா தொடங்கும் வரை விழித்திருந்து, முடியும் வரை விளையாடுவான். என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேராவது இப்படித்தான் சாமம் விழித்தார்கள். பகலில் பாவிக்கிற பக்கேஜுக்கு மாற்றுங்கள். கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. பின்னேரம் நாலு மணியில் இருந்து ஆறு மணிவரை முற்றத்தில் இருந்து விளையாடட்டும். அந்த விளையாட்டு வீட்டுக்குத் தெரிந்த விளையாட்டாகும். நான் சொல்லப்போகிற மற்ற எல்லாவற்றையும் விட இது சுலபம், அதனால் இதில் தொடங்குங்கள்.

அடுத்தது நித்திரை. அவன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் வேண்டும். மூன்று மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுப்பப்படுகிற பிள்ளைக்கு எரிச்சல், மறதி, பசியின்மை எல்லாம் வரும். கதவை உடைத்ததில் பாதி அந்த நித்திரைக் கடன்தான் என்பது என் நம்பிக்கை. இந்த வயதில் இயல்பாகவே நித்திரை பிந்தித்தான் வரும், அதுவும் அவன் குற்றமில்லை. ஒரே நாளில் பத்து மணிக்குப் படுக்கவைக்க முயலவேண்டாம். கிழமைக்கு அரை மணி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எழும்புகிற நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள். எழும்பியதும் வெளி வெளிச்சம் முகத்தில் படவேண்டும். தேத்தண்ணியை முற்றத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள், போதும்.

போன் இரவில் சார்ஜ் ஏறுகிற இடம் குசினியாக இருக்கட்டும். அவனுடையது மட்டும் என்றால் அது தண்டனை. உங்களுடையது, மகளுடையது, எல்லாம் அங்கேதான். எலார்முக்குப் போன் வேணும் என்பான், ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அவருடைய கோலுக்காகப் போனைத் தலைமாட்டில் வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றியும் கதைக்கவேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அவர் மகனோடு எப்போது கதைக்கிறார், என்ன கதைக்கிறார்? கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே வேலை முடித்து ஒன்பதரைக்கு அறைக்கு வந்தால் இங்கே பன்னிரண்டு. அந்த நேரத்தில் வருகிற கோலில் "படிச்சியா? அம்மாவ ஏன் கரைச்சல் படுத்துறாய்?" என்ற இரண்டு கேள்விதான் இருக்கும். இது என் ஊகம், ஆனால் வெளிநாட்டில் தகப்பன் உள்ள எத்தனையோ வீட்டில் இதைத்தான் கேட்டிருக்கிறேன். பத்து வயதில் தகப்பனை அனுப்பிய பிள்ளைக்கு அந்தப் போனுக்குள்தான் தகப்பன் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அங்கே லீவு கிடைத்தால், இங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் எடுக்கட்டும். படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தான் ஓட்டுகிற வாகனத்தைக் காட்டட்டும். பாலைவன ரோட்டைக் காட்டட்டும். "அந்த கேம் எப்பிடிடா மகன் விளையாடுற, எனக்குக் காட்டு" என்று கேட்கட்டும். நாலு கிழமை இப்படிக் கதைத்தால் ஐந்தாவது கிழமை அவனே ஏதாவது சொல்வான்.

நீங்களும் கேளுங்கள். கேமில் இருக்கும்போது கேட்கவேண்டாம். தேங்காய் துருவும்போது, சைக்கிளில் சந்தைக்குப் போய் வரும்போது, முகத்தை முகம் பார்க்காத நேரங்களில் ஆண்பிள்ளைகள் கதைப்பார்கள். "மனே, அதுல ஆர் ஆரெல்லாம் உன்ட கூட்டு?" என்று தொடங்குங்கள். அந்த மூன்று பேரும் ஊர்ப் பிள்ளைகளா, முகம் தெரியாதவர்களா என்பது நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது. யாராவது படம் கேட்கிறார்களா, காசு கேட்டு மிரட்டுகிறார்களா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். காசு எடுத்ததற்குப் பின்னால் சில நேரம் அப்படி ஒரு பயமும் இருக்கும்.

இன்னொன்றும் யோசித்தேன். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவன் ஆறாம் ஆண்டு. அந்த வருடமும் 2021உம் பெரும்பகுதி வீட்டில். 2022இல் திரும்பிப் போனால் எண்ணெய் இல்லை, கரண்ட் இல்லை, மறுபடியும் மூடினார்கள். அதாவது ஆறாம், ஏழாம், எட்டாம் ஆண்டுக் கணிதத்தை அந்தப் பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கவே இல்லை. இப்போது பதினோராம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தால் கரும்பலகையில் எழுதுவது விளங்காது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். கேமில் அவன் கெட்டிக்காரன், மூன்று பேர் அவனை நம்பி இருக்கிறார்கள். வகுப்பில் அவன் யாருமில்லை. எந்தப் பிள்ளைதான் வகுப்பைத் தெரிவுசெய்வான்? பெரிய ரியூசன் வகுப்பில் நூறு பேரோடு இருத்தவேண்டாம். ஏ.எல். படிக்கிற ஒரு அண்ணனைப் பிடித்து, பின்னம், சதவீதம், சமன்பாடு என்று அடியில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள். கிழமையில் மூன்று நாள், ஒரு மணித்தியாலம். அவன் பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் முழுக்கக் கேம்தான் என்று நான் நம்பவில்லை.

உங்கள் அண்ணன் விடயம். நம் பக்கத்தில் தாய்மாமன் சொல்லுக்குக் கனம் அதிகம், அதனால்தான் அந்த அடியும் ஆழமாகப் பட்டிருக்கிறது. அவர் வந்து, "அடிச்சது பிழை மருமகன்" என்று ஒரு தரம் சொல்லவேண்டும். கஷ்டம்தான். அவருக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு: அதை மன்னித்து மறக்கவும் வேண்டாம், களவு என்று ஊருக்குச் சொல்லவும் வேண்டாம். சனிக்கிழமைகளில் மாமாவோடு வயலுக்குப் போய் வேலை செய்து கழிக்கட்டும். கூலியை மாமா ஊர்க் கணக்கில், குறைக்காமல் போடட்டும். காசு கழிந்த பிறகும் அவன் போவான் என்றால் நல்லது. வொலிபோல் தானாக வரும், அதற்கு அவசரப்படுத்தாதீர்கள். பழைய கூட்டாளி ஒருவனை மட்டும் வீட்டுக்கு வரச்சொல்லிப் பாருங்கள்.

ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள், அவன் கையாலேயே. எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, மீறினால் அடுத்த நாள் எவ்வளவு குறையும் என்று அவனே சொல்லட்டும். முடிவு நேரம் வரும்போது ஒரு மேட்ச் நடுவில் இருந்தால் அதை முடிக்க விடுங்கள். நடுவில் எழும்பினால் கூட்டுக்காரர் தோற்பார்கள், அந்த அவமானத்தில்தான் பிள்ளைகள் வெறிபிடித்தமாதிரி ஆவது. "இது முடிய வா" என்று சொல்லிவிட்டு நின்றால் பெரும்பாலும் வருவான். முதல் இரண்டு கிழமை சண்டை வரும். சில நாள் நீங்கள் தோற்பீர்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே சொல்லைச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் வைத்தியரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவேண்டாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. அங்கே போனால் பைத்தியம் என்று ஊர் கதைக்கும் என்று பயப்படுவீர்கள். சுனாமிக்குப் பிறகு நம் ஊரில் எத்தனை வீட்டார் அந்த வாசலால் போய் வந்து இன்று நன்றாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மனச்சோர்வோ, வேறு ஒரு கஷ்டமோ கேமுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க அவர்களால்தான் முடியும். "சாகப்போறன்" என்ற சொல் விளையாட்டுக்கு வந்தாலும், தன்னைக் காயப்படுத்தினாலும், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாலும், கிளினிக் நாள் பார்க்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். முகம் தெரியாத யாரோ மிரட்டுகிறார்கள் என்று தெரியவந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

கட்டாருக்கு அனுப்புகிற கதையை அவன் காதில் விழ இனி எடுக்காதீர்கள். தன்னை வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றுதான் அது அவனுக்குக் கேட்கும்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. டிக்டொக், வாட்ஸ்அப் என்று எந்நேரமும் போன். அவள் தூங்கின பிறகு போனை எடுத்துப் பார்ப்பது சரியா, டீச்சர்?
— ஒரு வாப்பா, அக்கரைப்பற்று

பதில்: களவாகப் பார்க்கவேண்டாம். ஒருநாள் அவளுக்குத் தெரியவரும். அன்றிலிருந்து அவள் மறைக்கப் பழகுவாள், ஏதாவது ஆபத்து வந்தாலும் உங்களிடம் வரமாட்டாள். "மகள், உன் போனை வாரத்தில் ஒருநாள் உன்னோடு இருந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். ஃபமிலி லிங்க் போல நேரம் கட்டுப்படுத்துகிற செயலி போடுவதென்றாலும் அவளுக்குத் தெரியவே போடுங்கள். உம்மாவும் நீங்களும் சாப்பாட்டு நேரம் போனைக் கீழே வைக்கிறீர்களா என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேள்வி: டீச்சர், எனக்கு 17 வயது. ஏ.எல். படிக்கிறேன். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் கை தானாகப் போனுக்குப் போகுது. சின்னச் சின்ன வீடியோதான், அஞ்சு நிமிசம் எண்டு எடுத்தால் ரெண்டு மணித்தியாலம் போயிடுது. பிறகு அழுகை வருது. எனக்கு விசரா?
— பெயர் வேண்டாம், வாழைச்சேனை

பதில்: இல்லை மகன். விசர் இல்லை. தூண்டில்காரர் கதையை மேலே எழுதியிருக்கிறேன், வாசியுங்கள். உங்கள் கை போகிறது, உங்கள் மனது அதைப் பார்த்து அழுகிறது. பார்க்கிற அந்த மனது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

கொப்பியில் இருந்து கிழித்த தாளில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொப்பியையே எடுங்கள். கடைசிப் பக்கத்தில், கை போனுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். எடுத்தாலும் கோடு, எடுக்காமல் விட்டாலும் கோடு. நிறுத்த முயலவேண்டாம், முதல் கிழமை எண்ணுவது மட்டும்தான். இரண்டாம் கிழமை அறிவித்தல்களை எல்லாம் நிறுத்துங்கள், திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள், படிக்கிற நேரம் போனை அடுத்த அறையில் வையுங்கள். கை நீட்டினால் எட்டாத தூரம் என்பது பெரிய உதவி.

ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். அம்மாவாக இருக்கவேண்டும் என்றில்லை. அக்கா, ஒரு ஆசிரியர், கோயிலில் தெரிந்த ஒருத்தர், யாராவது. அழுகை இரண்டு கிழமைக்கு மேல் போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ அன்றைக்கே 1926க்கு எடுங்கள். பெயர் சொல்லாமலே கதைக்கலாம்.

முதல் கிழமையில் எத்தனை கோடு விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள். நூறு என்றாலும் எழுதுங்கள்.